மேக்கால இருபது

கண்ணாடியைக் கழற்றாதீங்க சார். நான் அந்த லேசர் இல்லீங்க.

எல்லாரும் இதையேதான் செய்கிறார்கள். என்ன வேலை என்று கேட்கிறார்கள், லேசருங்க என்கிறேன். உடனே கண்ணாடியைக் கழற்றி, இமையை விரலால் இழுத்துப் பிடித்து, "இந்தக் கண்ணுதானுங்க கொஞ்சம் மங்கல்" என்று என் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்துவிடுகிறார்கள். போன மாதம் காந்திபுரத்தில் ஒரு அம்மா கண்ணைக் காட்டவில்லை, மோவாயைக் காட்டியது. இரண்டே இரண்டு முடி. "வலிக்குமா தம்பி?" என்று வேறு கேட்டது.

என்னுடையது வெல்டிங் லேசருங்க. செம்பையும் ஸ்டீலையும் ஒட்டுகிற லேசர். கண்ணில் பட்டால் கண் போய்விடும். கண்ணுக்கும் எனக்கும் அவ்வளவுதான் சம்பந்தம்.

என்னது, தூங்கறதுக்காகக் கழற்றினீங்களா? அப்படீங்களா. பரவாயில்லீங்க, அவிநாசி தாண்டட்டும், தூங்கலாம். நானும் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. என் சம்சாரத்தைக் கேட்டுப் பாருங்க, இவருக்கு வாயில பூட்டு என்பாள். ஏதோ ஓசூர் வரைக்கும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டோம்.

பேர் திருமூர்த்தி. கோயமுத்தூரில் கணபதிக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பெனி. முதலாளி நஞ்சப்பண்ணன். எட்டு வருஷம் அங்கே கிரைண்டிங், டிரில்லிங், ரம்பத்தில் கட்டிங் எல்லாம் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் லேசர் மெஷின் வாங்கி, "மூர்த்தி, நீ கை நடுங்காத ஆளு, நீ உக்காரு" என்றார். அன்றைக்கு உட்கார்ந்ததுதான். அன்று சாயங்காலமே என் மாமனார் கிணத்துக்கடவு பூராவும் சொல்லிவிட்டார், "மாப்பிள்ளை லேசர்ல இருக்காரு" என்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனால், வாசலில் நாலு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

இரும்போடு இரும்பை ஒட்டுவது பெரிய காரியமில்லை. எங்கள் தெருவில் கேட் செய்கிறவன்கூட ஒட்டுவான். எங்களுக்கு வந்த வேலை வேறே. ஒரு பட்டை செம்பு, ஒரு பட்டை ஸ்டீல். ஸ்டீல் என்றால் உங்கள் வீட்டு டம்ளர் ஸ்டீல். சுண்டுவிரல் அகலம், நகத்துக் கனம். இரண்டையும் விளிம்போடு விளிம்பு முட்ட வைத்து, அந்த இடத்தில் லேசரால் ஒரு கோடு இழுக்க வேண்டும். ஓசூரில் ஒரு கம்பெனிக்கு. ஏதோ பேட்டரிக்குள் வைக்கிறார்களாம். ஒட்டினதை மெஷினில் மாட்டி இரண்டு பக்கமும் இழுப்பார்கள். செம்பு கிழியலாம், ஒட்டு மட்டும் விடக்கூடாது. அதுதான் பரீட்சை.

செம்புக்கும் ஸ்டீலுக்கும் குணம் வேறே. ஒன்று உருகும்போது இன்னொன்று உருகாது. எங்கள் கம்பெனியில் இதைக் கேட்டதும் ஆளாளுக்கு ஒரு கல்யாண ஜோக் சொல்லியாகிவிட்டது, நீங்க புதுசா எதுவும் யோசிக்க வேண்டாம்.

சித்திரையில் ஆரம்பித்தோம். மெஷின் ஒரு கண்ணாடி அறைக்குள் இருக்கிறது. நான் தெற்கே பார்த்து உட்காருவேன். பட்டைகளை அசையாமல் பிடிக்க ஒரு இரும்புக் கட்டை உண்டு, ஃபிக்சர் என்போம். ஸ்டீலுக்கு ஒரு பள்ளம், செம்புக்கு ஒரு பள்ளம். மாற்றிப் போட முடியாது, செம்புப் பள்ளம் கொஞ்சம் அகலம். முன்னால் சின்ன டிவி. அதில் இரண்டு பட்டையும் பெரிதாகத் தெரியும். கறுப்பு வெள்ளை டிவி, அதனால் செம்பும் சாம்பல், ஸ்டீலும் சாம்பல். நடுவில் இருக்கும் இடுக்கைப் பார்த்து, ஹேண்டிலைச் சுற்றிக் கோட்டை நேராக வைத்து, காலால் பெடலை மிதித்தால் லேசர் போகும்.

இடுக்குக்கு நேராகத்தானே வைக்கணும்? இரண்டையும் ஒட்டணும்னா நடுவில்தானே பசை வைக்கணும்? வைத்தேன். சித்திரை முழுக்க வைத்தேன், வைகாசி முழுக்க வைத்தேன், ஆனியிலும் வைத்தேன். முந்நூறு பீஸுங்க. கையில் எடுத்தால் இருக்கும், மேஜையில் வைத்தால் இரண்டாகிவிடும். நஞ்சப்பண்ணன் தினமும் காலையில் வந்து எட்டிப் பார்ப்பார். "ஏம்பா மூர்த்தி, ஒட்டுச்சா?" "ஒட்டுச்சுங்க." "நிக்குதா?" "அதுதானுங்க இல்லை."

அப்புறம் ஆடி வந்தது.

எங்கள் ஊர் ஆடிக் காத்து உங்களுக்குத் தெரியுமுங்களா? பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து மேற்கேயிருந்து ஒரே தள்ளாகத் தள்ளும். அன்றைக்கு மத்தியானம் ஷெட்டின் இரும்புக் கதவு டமாரென்று அடித்தது. நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். முழங்கை ஹேண்டிலில் பட்டது, கால் பெடலில் பட்டது. லேசர் போய்விட்டது. போச்சுடா, ஒரு பீஸ் வேஸ்ட் என்று எடுத்து மேஜையில் போட்டேன். உடையவில்லை. தரையில் போட்டேன். உடையவில்லை. கொறடால் பிடித்து இழுத்தேன். செம்பு கிழிந்ததுங்க! ஒட்டு அப்படியே நின்றது.

ஹேண்டிலைப் பார்த்தேன். அதில் கோடு கோடாகப் போட்டிருக்கும், ஒரு கோட்டுக்கு ஒரு டிவிஷன் என்று பேர். இருபது டிவிஷன் நகர்ந்திருந்தது. இருபது என்றால் ஏதோ முழக்கணக்கு என்று நினைக்காதீங்க, மூன்று தலைமுடியைச் சேர்த்து வைத்த அகலம், அவ்வளவுதான். எந்தப் பக்கம் நகர்ந்திருந்தது? மேக்கால.

அங்கேயே எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. காத்து! லேசரோடு கூடவே ஒரு வாயு ஊதும், ஆர்கான். மேற்கேயிருந்து வருகிற காத்து அதைக் கிழக்கே தள்ளுகிறது. நாம் நடுவில் வைத்தால் அது தள்ளிப்போய் விழுகிறது. மூன்று முடி அகலம் மேக்கால வைத்தால், காத்து தள்ளிக்கொண்டு வந்து சரியாக நடுவில் விடுகிறது. இதை எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை சார். நானே கண்டுபிடித்தேன்.

அறைதான் நாலு பக்கமும் மூடியிருக்கிறதே என்கிறீங்களா? கேட்கலியா? சரி. பின்னால் வேலைக்கு வந்த ஒரு பொண்ணு கேட்டது, அதனால் நீங்களும் கேட்பீங்கன்னு நினைத்தேன்.

நோட்டில் எழுதி வைத்தேன்: செம்பு ஸ்டீல், மேக்கால 20. அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒரு பீஸ் உடையவில்லை. நஞ்சப்பண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் என் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கைதானுங்க." கை வலிக்கும், ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. மாமனாருக்கு விஷயம் போனது. மச்சினனுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகையில் என் பேரை 'லேசர் திருமூர்த்தி' என்று போடப்போவதாகச் சொன்னார். வேண்டாமுங்க மாமா என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

அப்போதுதான் ஜெர்லின் வந்தது.

நாகர்கோயில் பக்கம். இன்ஜினியரிங் படித்த பொண்ணு, இருபத்துமூன்று வயது இருக்கும், வேதக்காரங்க, கிறிஸ்தவங்க. நல்ல பொண்ணு, குறை சொல்லக்கூடாது. ஆனால் கேள்வி. எல்லாவற்றுக்கும் கேள்வி. வந்த முதல் நாளே என் நோட்டைப் புரட்டிவிட்டு, "அண்ணே, மேக்காலன்னா எந்தப் பக்கமாக்கும்?" என்றது.

"மேக்காலன்னா மேக்கால, அம்மணி."

"அதில்ல அண்ணே. செம்பு பக்கமா, ஸ்டீல் பக்கமா?"

"மேக்குப் பக்கம்."

"இடதா, வலதா?"

"உலகத்துல ஒரே மேக்குத்தான் அம்மணி இருக்குது."

எங்கள் ஊரில் இடது வலது கிடையாது சார். பந்தியில் உட்கார்ந்தால்கூட "கொஞ்சம் கெழக்கால நகருங்க" என்போம். ஏன் தெரியுங்களா? இடது வலதை நம்ப முடியாது. ஆள் திரும்பினால் அதுவும் திரும்பிவிடும். மேற்கு திரும்புமா? சூரியனே அதைப் பார்த்துத்தான் போகிறது. இதை அந்தப் பொண்ணிடம் சொன்னேன்.

"எங்க ஊர்லயும் மேக்க கிழக்கன்னுதான் சொல்லுவோம் அண்ணே. அது தென்னைக்கு, கிணத்துக்கு. மெஷினுக்குள்ள மேக்கு எதுக்கு?" என்றது. அப்புறம் ஒரு பேப்பரில் படம் போட்டது. செம்பு வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அடித்துவிடுமாம். ஸ்டீல்தான் குடிக்குமாம். அதனால் லேசர் ஸ்டீல் பக்கம் விழ வேண்டுமாம். ஸ்டீல் உருகி, அந்தச் சூட்டில் செம்பு ஓரமாகக் கரைந்து ஒட்டிக்கொள்ளுமாம். "உங்க மேக்குல ஸ்டீல் இருக்குல்லா, அதனாலதான் நிக்குது."

கேட்டுக்கொண்டேன். படித்த பிள்ளைகள் மனம் நோகக்கூடாது. ஆனால் பாருங்க, ஆடியில் கதவு அடித்ததை நேரில் பார்த்தவன் நான். அது அப்போது வேலைக்கே சேரவில்லை.

பெருந்துறை வந்துவிட்டது. தூக்கம் வருதுங்களா? இனிமேல்தான் கதையே.

புரட்டாசிக் கடைசியில் நஞ்சப்பண்ணனுடைய மாமியார் சமையல்கட்டில் வழுக்கி விழுந்தார். எழுந்து நடமாடின நாலாவது நாள் மறுபடி விழுந்தார். வீட்டுக்கு வாஸ்து பார்க்க ஒருவர் வந்தார். சமையல்கட்டு சரியாக இருக்கிறது, குழாய் சரியாக இருக்கிறது, வாசல் சரி. "தொழில் பண்ற எடம் எங்கே?" என்று கேட்டுக் கம்பெனிக்கே வந்துவிட்டார். நான் பாட்டுக்கு உட்கார்ந்து பீஸ் போட்டுக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிக்கு வெளியே நின்று என்னைப் பார்த்ததும் மார்பில் கையை வைத்துவிட்டார்.

"தெக்கு பாத்து உக்காந்திருக்காரு! எமன் திசை! அதுவும் நெருப்பு வேலை! மாமியார் விழுகாம என்ன பண்ணுவாங்க?"

நான் தெற்கே பார்த்தால் முதலாளி மாமியார் எப்படி விழுவார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் விழுந்தது நிஜம், இரண்டு முறை. நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுபோனேன். என்னால் ஒரு வயசான அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து மெஷினை அப்படியே திருப்பினார்கள். ஃபிக்சர், டிவி, என் நாற்காலி எல்லாவற்றையும் சேர்த்துத்தான். இனிமேல் நான் வடக்கே பார்க்கிறேன். மெஷின் கொடுத்த கம்பெனி ஆளே வந்து மட்டம் பார்த்து, லென்ஸ் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மாமியார் அதற்குப் பிறகு விழவில்லை. அதையும் சொல்லணும் இல்லீங்களா?

திங்கட்கிழமை காலை போய் உட்கார்ந்தேன். இந்த இடத்தில்தான் என் அனுபவம் என்ன என்று நீங்க கவனிக்கணும். இரண்டு மாதப் பழக்கத்தில் கை தானாகப் போய் ஹேண்டிலை வலது பக்கம் சுற்றப் பார்த்தது. சட்டென்று நிறுத்திவிட்டேன். டேய் மூர்த்தி, இப்போது நீ வடக்கே பார்க்கிறாய், வலது பக்கம் கிழக்காகிவிட்டதே! வேறு எவனாக இருந்தாலும் ஏமாந்திருப்பான். நான் ஏமாறவில்லை. கையைத் திருத்தி, இடது பக்கம் சுற்றி, அச்சாக இருபது டிவிஷன் மேக்கால வைத்தேன். பெடலை மிதித்தேன்.

உடைந்தது.

அடுத்த பீஸ், உடைந்தது. அப்பளம் மாதிரி. அன்றைக்கு நாற்பது பீஸ் போட்டேன், நாற்பதும் போனது. செம்புப் பட்டையில் எண்ணெய் இருக்கும் என்று துடைத்தேன். ஆர்கான் சிலிண்டரை மாற்றினேன். டீக்கடையிலிருந்து புகை வருகிறது என்று டீ மாஸ்டரோடு சண்டை போட்டேன். சண்டை என்றால், மெதுவாகத்தான். கடைசியில் ஜெர்லின் மேல் சந்தேகம் வந்தது. சனிக்கிழமை லென்ஸைத் துடைத்தது அதுதான்.

"அம்மணி, லென்ஸை எதுல துடைச்சே?"

"அதுக்குன்னு உள்ள துணியிலதான் அண்ணே."

"துப்பட்டாவுல இல்லியே?"

அது என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை நஞ்சப்பண்ணன் வந்தார். எட்டிப் பார்க்கவில்லை, உள்ளேயே வந்தார். கீழே கிடந்த துண்டுகளைப் பார்த்தார்.

"ஓசூர்க்காரர் வெள்ளிக்கிழமை வர்றாரு. அவரு கண்ணு முன்னால இருபது பீஸ் இழுத்துக் காட்டணும். இருபதும் நிக்கோணும்."

"நின்னுருமுங்க."

"நிக்கலீன்னா, மூர்த்தி, கோவிச்சுக்காதே. நீ கட்டிங் செக்‌ஷனைப் பாத்துக்க. மெஷினை அம்மணி பாக்கட்டும்."

பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது சார். லேசர் திருமூர்த்தி. இனிமேல் மாமனார் ஊரில் என்ன சொல்வார்? மாப்பிள்ளை கட்டிங்ல இருக்காரு என்றா? கட்டிங் என்றால் நம் ஊரில் வேறு அர்த்தம் இருக்குதுங்களே! ஒரு சொட்டு தொட்டதில்லை நான். ஊரைக்கூட விடுங்க. அந்த நாற்காலி. அதில் உட்கார்ந்து, இரண்டு பட்டை ஒன்றாகி வரும்போது டிவியில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு ஓடும் பாருங்க, எறும்பு நிலாவை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. எட்டு வருஷம் கிரைண்டிங் தூசி தின்றவனுக்கு அது என்னவென்று சொன்னால் தெரியாது. அதை விட்டுவிட்டுத் திரும்பவும் ரம்பத்துக்கு முன்னால் போய் நிற்பதா?

செவ்வாய், புதன் இரண்டு நாளும் விடாமல் போட்டேன். மேக்கால இருபது வைத்தேன், இருபத்தைந்து வைத்தேன், முப்பது வைத்தேன். மேக்கால போகப் போக இன்னும் மோசம். முப்பதில் ஒட்டவே இல்லை, லேசர் பட்ட இடம்கூடத் தெரியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் ஜெர்லின் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் நான் சுற்றுவதைப் பார்த்தது.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவப்படக்கூடாது."

"சொல்லும்மா."

"மெஷினைத் திருப்பியாச்சுல்லா. அதுகூட ஃபிக்சரும் திரும்பியாச்சு. முந்தி மேக்க இருந்த ஸ்டீல் இப்ப கிழக்க இருக்கு. நீங்க மேக்க தள்ளுதிய, அது செம்புல போய் விழுது."

நான் பொறுமையாகச் சொன்னேன். "அம்மணி, திரும்புனது மெஷின். மேக்கு திரும்பலை."

பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தது, பாதி பாட்டில். பாவம், நல்ல தாகம். எழுந்து வெளியே போய்விட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன், செவுத்தைப் பார்த்து நின்று தனியாக ஏதோ பேசிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்து இரண்டு டீயோடு வந்தது. முகம் தெளிவாக இருந்தது.

"அண்ணே, இன்னைக்கு என்ன மாசம்?"

"ஐப்பசி. ஒண்ணாந்தேதி போன சனிக்கிழமை."

"ஐப்பசியில மழை எங்க இருந்து வரும்?"

"இதென்ன கேள்வி? கெழக்கே இருந்து. வடகிழக்குப் பருவ..."

அப்படியே நிறுத்திவிட்டேன் சார். டீ டம்ளர் கையில் இருக்கிறது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. காத்து! ஆடியில் மேற்கேயிருந்து வந்த காத்து ஐப்பசியில் கிழக்கேயிருந்து வருகிறது! காத்தே திரும்பின பிறகு நான் இன்னும் மேக்கால தள்ளிக்கொண்டிருந்தால் எப்படி நிற்கும்? எவ்வளவு பெரிய விஷயம், ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது பாருங்க. அந்தப் பொண்ணு ஏதோ மழையைப் பற்றிக் கேட்டது, பொழுதுபோகாமல். எனக்கு அதிலிருந்து பிடி கிடைத்தது.

"அம்மணி, கெழக்கால இருபது!" என்று கத்தினேன். கத்தினேன் என்றால், எனக்கு அது கத்தல்.

"அப்படியா அண்ணே?" என்றது. "வச்சுப் பாருங்களேன்."

கிழக்கே இருபது வைத்தேன். மிதித்தேன். எறும்பு நிலாவை இழுத்துக்கொண்டு போனது. எடுத்துக் கொறடால் இழுத்தேன். செம்பு கிழிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புகைக்கு. ஜெர்லின் கையைத் தட்டியது. எவ்வளவு நல்ல மனசு பாருங்க, தான் சொன்னது தப்பாகிவிட்டதே என்று கொஞ்சம்கூட முகம் சுளிக்கவில்லை. நோட்டை நானே எடுத்து, 'மேக்கால' மேல் ஒரு கோடு போட்டு, 'ஆடி: மேக்கால 20. ஐப்பசி: கெழக்கால 20' என்று எழுதினேன். அது எட்டிப் பார்த்துவிட்டு, "மார்கழிக்கு என்ன எழுதுவிய?" என்றது. கொஞ்சம் கவலையான குரலில்தான் கேட்டது. அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஓசூர்க்காரர் வந்தார். கட்டம் போட்ட சட்டை, சிரிக்கவே சிரிக்காத முகம். பீஸைத் தானே பெட்டியிலிருந்து எடுத்தார், தானே இழுக்கிற மெஷினில் மாட்டினார். ஒன்று, செம்பு கிழிந்தது. இரண்டு, செம்பு கிழிந்தது. நஞ்சப்பண்ணன் சுவரோரம் நின்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். பதினாலாவது பீஸ் மாட்டினதும் ஒரு சத்தம் வந்தது, டிக் என்று. என் உயிர் போய்விட்டது. பார்த்தால் ஓசூர்க்காரர் பேனா மூடியைத் திறந்த சத்தம். பீஸ் நின்றது. இருபதும் நின்றது.

அப்போதுதான் அந்த மனுஷன் முதல் முதலாக வாயைத் திறந்தார். "எங்க மெஷின்ல ஆறு மாசமா முயற்சி பண்றோம், வரலை. எப்படிங்க செஞ்சீங்க?"

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "அதுங்க சார், காத்து இருக்குதில்லீங்களா..."

"சார், டீ ஆறிரும்!" என்றது ஜெர்லின். அத்தனை சத்தமாக அது பேசி நான் கேட்டதே இல்லை. டம்ளரை அவர் கையில் திணித்து, "பஜ்ஜியும் இருக்கு சார், இந்தப் பக்கம் வாங்க, நான் எல்லாம் விளக்கமாச் சொல்லுதேன்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டது. பொறாமை இல்லை சார். சின்னப் பொண்ணு, பெரியவங்க முன்னால் நாலு வார்த்தை பேச ஆசை. நான் விட்டுக்கொடுத்தேன்.

பஜ்ஜி தின்றுவிட்டு வந்த ஓசூர்க்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மரியாதையாகத்தான் இருக்கும். "உங்க ஆளை ஒரு வாரம் எங்ககிட்ட அனுப்புங்க, எங்க மெஷின்ல செட் பண்ணிக் கொடுக்கட்டும்" என்றார் முதலாளியிடம். நஞ்சப்பண்ணன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "அம்மணி, நீ போறியா?" என்று கேட்டார். அந்தப் பொண்ணு யோசிக்கவே இல்லை. "மூர்த்தியண்ணனே போகட்டும் சார். கை அவிய கைல்லா."

அதனால்தான் இந்தப் பஸ்.

தொப்பூர்க் கணவாய் ஏறுது, கம்பியைப் பிடிச்சுக்குங்க.

இன்று காலையில் கிளம்பும்போது ஜெர்லின் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டது. நேற்றே ஃபிக்சரைக் கழற்றித் துடைத்து, துணியில் சுற்றி வைத்திருந்தது. இதோ, என் மடியில் இருக்கிறதே, இதுதான். தொட்டுப் பார்க்கிறீங்களா? துணியைப் பிரித்துக் காட்டுகிறேன். இந்த ஓரத்தில் பாருங்க, சிவப்பாக ஒரு பொட்டு. நகச்சாயம். அதனுடைய சொந்த நகச்சாயத்தில் வைத்திருக்கிறது.

"அண்ணே, எந்த ஊருன்னாலும் சரி, எந்த மாசம்னாலும் சரி, மெஷின் எப்படி நின்னாலும் சரி, இந்தப் பொட்டு இருக்க பக்கம் இருபது தள்ளுங்க. வேற எதையும் பாக்காதிய. எனக்காக" என்றது. இரண்டு தடவை என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னது. பஸ் கிளம்பின பிறகும் ஜன்னலுக்கு வெளியே கூடவே நடந்து வந்து, "பொட்டு, அண்ணே, பொட்டு!" என்றது. கண்டக்டர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

திருஷ்டிப் பொட்டு சார்! வேதக்காரப் பொண்ணு, நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்த பொண்ணு, அதுக்குள் இவ்வளவு மூட நம்பிக்கை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிக்கவில்லை. நாம் வெளியூர் போகிறோம், நம் மேல் கண் பட்டுவிடக்கூடாது என்று ஒரு ஜீவன் நினைக்கிறதே, அதுவே பெரிசு இல்லீங்களா? அதிலும் பாருங்க, பொட்டு வைத்தது இந்த ஓரத்தில், அச்சாக ஸ்டீல் பள்ளத்துக்குப் பக்கத்தில். அழகுக்கு நடுவில் வைத்திருக்கலாம். சின்னப் பொண்ணு, கை கோணிவிட்டது.

நீங்க ஓசூர்தானுங்களா? அப்படியானால் ஒன்று கேட்கிறேன். அங்கே இப்போது காத்து எந்தப் பக்கமிருந்து வரும்? கவனித்ததில்லையா? கர்நாடகா பக்கமிருந்தா, கிருஷ்ணகிரி பக்கமிருந்தா? தெரியாதா. அடடா. அங்கே எனக்கு ஒருத்தரையும் தெரியாது. போய் இறங்கினதும் முதல் வேலையாக அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரர் முன்னால் உட்கார்ந்து பெடலை மிதிக்கணும். உடைந்தால் என் கதை முடிந்தது, நேராகக் கட்டிங்தான்.

சரி விடுங்க. முதல் பீஸை அந்தப் பொண்ணு ஆசைப்பட்ட மாதிரி பொட்டு இருக்கிற பக்கமே இருபது தள்ளிவிடுகிறேன். குழந்தை மனசு, கேட்டால் சந்தோஷப்படும். நின்றுவிட்டால், ஓசூரில் காத்து அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது என்று நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.